தயிரும் படிகாரமும் போதுமா? பெண்ணுறுப்புத் தொற்றுகளுக்கான வீட்டு வைத்தியம்: ஆய்வுகள் கூறுவது என்ன?

புதுதில்லி: பெண்ணுறுப்பில் அரிப்பு, எரிச்சல் அல்லது வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் ஏற்பட்டால், நாட்டின் பல வீடுகளில் முதலில் நாடப்படுபவை சமையலறைப் பொருள்களே. தயிர் தடவுவது, வேப்பிலை கொதிக்க வைத்த நீரில் கழுவுவது, படிகாரக் கரைசல், பூண்டுப் பல் எனத் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த முறைகளோடு ஆப்பிள் சிடர் வினிகர், தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றையும் அண்மைக்காலக் காணொலிகள் சேர்த்துவிட்டன.

இவற்றில் சில தீங்கற்றவை. ஒன்றிரண்டு சிறிது ஆறுதல் தரக்கூடியவை. சில, இருக்கும் நோயை மேலும் முற்றச் செய்பவை. எந்தப் பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன்பு வந்திருப்பது எந்த நோய் என்று கேட்க வேண்டியுள்ளது. வீட்டில் இருந்தபடியே இதற்குச் சரியான விடை காண்பது பலரும் நினைப்பதைவிடக் கடினம்.

ஒரே பெயரில் மூன்று நோய்கள்

இந்தியில் ‘சஃபேத் பானி’, மராத்தியில் ‘அங்காவரூன் பாண்டரே ஜாணே’, தமிழில் ‘வெள்ளைப்படுதல்’. மொழிபெயர்க்கும்போது இச்சொற்கள் ஒன்றுக்கொன்று எளிதில் பொருந்திவிடுகின்றன. ஆனால் இவை யாவும் ஓர் அறிகுறியைக் குறிக்கும் சொற்கள். நோயின் பெயர்கள் அல்ல. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வரும் வழுவழுப்பான தெளிந்த கசிவும், கர்ப்ப காலத்தில் கூடுதலாக வரும் மணமற்ற வெண்மையான கசிவும் முற்றிலும் இயல்பானவை. இவற்றுக்கும் மக்கள் வழங்கும் பெயர் அதுவே.

நோயாக வருபவற்றில் மூன்று பொதுவானவை. முதலாவது, கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் தொற்று. கடுமையான அரிப்பும், தயிர்த் திரி போன்ற கெட்டியான வெள்ளைக் கசிவும் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் துர்நாற்றம் இராது. பெண்களில் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது வரும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது.

இரண்டாவது, பாக்டீரியல் வஜினோசிஸ். வெளியிலிருந்து ஏதோ ஒரு கிருமி வந்து தாக்குவதாக இதைக் கருத இயலாது. உறுப்பில் வழக்கமாக வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்து, மற்றவை பெருகுவதால் ஏற்படும் சீர்குலைவு இது. மெல்லிய சாம்பல் நிறக் கசிவும் மீன் வாடையும் இதன் அடையாளங்கள். உடலுறவுக்குப் பின் வாடை கூடும். அரிப்பு குறைவாகவே இருக்கும். உலக அளவில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 23 முதல் 29 சதவீதம் பேருக்கு இது காணப்படுவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

மூன்றாவது, டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. உடலுறவின் வழியே பரவுவது. மஞ்சள் அல்லது பச்சை கலந்த நுரைத்த கசிவு, எரிச்சல், வாடை ஆகியவை இதில் தோன்றலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாமலும் இருக்கலாம். 2020-ஆம் ஆண்டில் உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே 15.6 கோடி பேருக்குப் புதிதாக இத்தொற்று ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

முதலாவதற்குப் பூஞ்சைக் கொல்லி மருந்து வேண்டும். அம்மருந்து மற்ற இரண்டுக்கும் சிறிதும் உதவாது. மூன்றாவதற்கு மருந்து உட்கொண்டாலும், கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்ப வரும்.

அறிகுறிகளைப் படித்து நாமே பிரித்தறியலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. தமக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாமே முடிவு செய்து, கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களுக்கு முறையான பரிசோதனை செய்யப்பட்டது. அவர்களில் பூஞ்சைத் தொற்று மட்டுமே இருந்தவர்கள் சுமார் 34 சதவீதத்தினர். சுமார் 19 சதவீதத்தினருக்கு பாக்டீரியல் வஜினோசிஸ், 21 சதவீதத்தினருக்குக் கலப்புத் தொற்று. எந்த நோயுமே இல்லாதவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம். முன்பே ஒரு முறை மருத்துவரிடம் பூஞ்சைத் தொற்று என்று உறுதி செய்யப்பட்ட பெண்கள்கூட, மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்துவிடவில்லை.

அமிலமே காவல்

வீட்டு வைத்தியங்களை எடைபோட, பெண்ணுறுப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தை அறிந்துகொள்வது பயன்தரும். 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், அங்கு வாழும் ஒரு வகை பாக்டீரியாவை விவரித்தார். லாக்டோபேசிலஸ் என இன்று அறியப்படும் இந்த இனம், உறுப்பின் உட்சுவரில் உள்ள சர்க்கரைச் சத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதனால் அங்குள்ள பி.எச். அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையிலேயே நிற்கிறது. தீங்கு செய்யும் பல கிருமிகளுக்கு இந்த அமிலச் சூழலில் வளர்வது கடினம்.

பெண்ணுறுப்பின் உட்பகுதியைக் கழுவத் தேவையில்லை என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கூறுவதன் காரணம் இதுவே. சோப்பு, கிருமிநாசினித் திரவம், ‘இன்டிமேட் வாஷ்’ என விற்கப்படும் நறுமண நீர், வேப்பிலை நீர் என எதைச் செலுத்திக் கழுவினாலும் முதலில் அடித்துச் செல்லப்படுபவை இந்தக் காவல் பாக்டீரியாக்கள்தாம். உட்பகுதியைக் கழுவும் வழக்கமுள்ள பெண்களிடம் பாக்டீரியல் வஜினோசிஸும் இடுப்புக்குழி அழற்சியும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வாடை வருகிறதே என்று கழுவுவதும், கழுவுவதால் வாடை கூடுவதும், கூடியதால் மேலும் கழுவுவதும் ஒரு சுழலாகிவிடுகிறது.

இந்தப் பின்னணியில் சமையல் சோடாவையும் வினிகரையும் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். முன்னது காரம், பின்னது அமிலம். எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே தொல்லைக்குத் தீர்வாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. சோடா கலந்த நீரில் அமர்வது வெளிப்புற அரிப்பைச் சற்றே தணிக்கலாம். உட்பகுதியில் பட்டாலோ அமிலக் காவலைக் குலைக்கும். வினிகரின் அமிலம் மென்மையான சவ்வை எரிக்கும். தவிர, கேண்டிடா பூஞ்சை இயல்பான அமிலச் சூழலிலேயே நன்கு வளரக்கூடியது என்பதால், அமிலத்தைக் கொண்டு அதை விரட்ட முடியாது.

தயிரின் கதை

வீட்டு வைத்தியங்களில் அறிவியல் அடிப்படை உள்ளதாக அதிகம் நம்பப்படுவது தயிர். தயிரில் லாக்டோபேசிலஸ் இருக்கிறது, உறுப்பிலும் அதுவே இருக்கிறது, எனவே ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யும் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாக்டோபேசிலஸ் என்பது பெரிய குடும்பம். பெண்ணுறுப்பில் வாழ்பவற்றில் முக்கியமானது ‘கிறிஸ்பேட்டஸ்’ என்ற வகை. பாலைத் தயிராக்குபவை வேறு வகைகள். அவற்றால் பெண்ணுறுப்பின் சுவரில் நிலைத்து வாழ இயலாது.

1992-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு ஒன்றில், நாள்தோறும் தயிர் உண்ட பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று குறைந்ததாகக் கூறப்பட்டது. இன்றளவும் பலரும் மேற்கோள் காட்டுவது இதையே. அதில் சேர்ந்தவர்களே 33 பேர்தான். இறுதிவரை நீடித்தவர்கள் 13 பேர். 2004-இல் ஆஸ்திரேலியாவில் 235 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், ஆன்டிபயாடிக் உட்கொண்டபின் வரும் பூஞ்சைத் தொற்றை லாக்டோபேசிலஸ் தடுக்கவில்லை என்று தெரியவந்தது. வாய்வழி தந்தும் உறுப்பில் வைத்தும் பார்த்தார்கள், பயன் இல்லை.

மாறாக, சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு பயன் கிடைக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பாக்டீரியல் வஜினோசிஸுக்கு முதலில் மருந்து தரப்பட்டு, அதன்பின் கிறிஸ்பேட்டஸ் வகை பாக்டீரியாவைக் கொண்ட பொடி உறுப்பில் செலுத்தப்பட்டது. 12 வாரங்களில் நோய் திரும்பியவர்கள் 30 சதவீதம். வெற்றுப் பொடி பெற்றவர்களில் இது 45 சதவீதமாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான் என்றாலும், அங்கு முதலில் வேலை செய்தது மருந்து. பாக்டீரியா அதற்குப் பின்துணை. வீட்டுத் தயிரை உண்பதில் தவறேதும் இல்லை. உள்ளே வைப்பதில்தான் சிக்கல்: அதில் பால் சர்க்கரை உள்ளது, உறை ஊற்றும் தயிரில் பிற பூஞ்சைகளும் கலந்திருக்கலாம்.

பூண்டு, மஞ்சள், வேம்பு ஆகியவை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கேண்டிடாவை அடக்குகின்றன. உடலுக்குள்ளும் அதே விளைவு கிடைக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. பச்சைப் பூண்டை உள்ளே வைத்தால் சவ்வு புண்ணாகலாம். தேயிலை மர எண்ணெயும் ஒவ்வாமையையும் எரிச்சலையும் ஏற்படுத்தக்கூடியது. படிகாரம் திசுக்களைச் சுருங்கச் செய்து வறட்சியை உண்டாக்குவதால், கசிவு நின்றதுபோன்ற தோற்றம் கிடைக்கிறது. கிருமி அங்கேயே இருக்கும். வறண்ட சவ்வில் கீறல்கள் விழ, மற்ற தொற்றுகள் நுழைவதற்கும் வழி ஏற்படும்.

போரிக் அமிலத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மீண்டும் மீண்டும் வரும், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத சில பூஞ்சைத் தொற்றுகளுக்கு, 600 மில்லிகிராம் அளவுள்ள போரிக் அமிலக் குப்பியை உறுப்பினுள் வைக்குமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுவது உண்மையே. இதைக் கேள்விப்பட்டு, கேரம் பலகையில் தூவ விற்கப்படும் பொடியைப் பயன்படுத்தும் விபரீதம் நேர்ந்துவிடக் கூடாது. அது மருந்துத் தரத்தில் தயாரிக்கப்பட்டது அன்று. போரிக் அமிலத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது.

கட்சிரோலி சொன்ன செய்தி

வீட்டு வைத்தியத்தை நாடுவது அறியாமையால் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் தம்பதியர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். 92 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. முன்னர் எப்போதேனும் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. தாய்மை, கருத்தடை ஆகிய இரண்டைத் தாண்டிக் கிராமப்புறப் பெண்ணின் உடல்நலம் பற்றி அரசுத் திட்டங்கள் சிந்திக்காதிருந்த காலம் அது. பெண் மருத்துவர் இல்லை, தனிமையில் பேச இடமில்லை, மாமியாரிடமோ கணவரிடமோ சொல்லக் கூச்சம். எஞ்சியது படிகாரம்.

இதன் மறுபக்கத்தைக் கோவா ஆய்வு காட்டியது. மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் அங்கு ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. வெள்ளைப்படுவதாகக் கூறிய பெண்களிடம், தொற்றைவிட மனச்சோர்வும், பதற்றமும், வாழ்க்கை நெருக்கடிகளும் வலுவான தொடர்பு கொண்டிருந்தன. வெள்ளைப்படுவதால் உடல் இளைக்கிறது, எலும்பு கரைகிறது என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றியுள்ள நிலையில், சொல்ல முடியாத சோர்வுக்குச் சொல்லக்கூடிய பெயராக இது அமைந்துவிடுகிறது. அத்தகைய பெண்ணுக்கு வேப்பிலை நீரும் உதவாது, பூஞ்சை மாத்திரையும் உதவாது.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

செய்யக்கூடியவை உண்டு, அவை மருந்தாக அன்றித் துணையாக அமைபவை. வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவி ஈரமின்றித் துடைப்பது, தளர்வான பருத்தி உள்ளாடை அணிவது, வியர்வையிலோ நீரிலோ நனைந்த உடையை விரைவில் மாற்றுவது, மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணி வைப்பது ஆகியவற்றால் தீங்கில்லை. தேங்காய் எண்ணெயை வெளிப்புறத்தில் தடவலாம். ஆனால் எண்ணெய், ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாதவிடாய்த் துணியை வெயிலில் உலர்த்துவதும் முக்கியம். 2019–21-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப் பேர் துணியைப் பயன்படுத்துகின்றனர். துணி என்பதாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் பிறர் கண்ணில் படக் கூடாதென்று வீட்டுக்குள் இருட்டு மூலையில் உலர்த்துவதற்கும் கேண்டிடா தொற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஒடிசாவில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

பூஞ்சைத் தொற்று ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது அவசியம். ஏற்கெனவே நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோர், தாம் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. பின்னதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து விலை வெகுவாகக் குறைந்ததால், இம்மருந்தை உட்கொள்வோர் எண்ணிக்கையும் பெருகிவருகிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தவறு. மருத்துவரிடம் தெரிவித்தாலே போதுமானது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளிலும் எச்சரிக்கை தேவை. பூஞ்சைக் கொல்லியுடன் வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை அரிப்பை ஒரே நாளில் அடக்குவதால் நல்ல மருந்து எனப் பெயர் பெற்றுவிடுகின்றன. நாளடைவில் தோல் மெலிந்து, பூஞ்சை ஆழமாகப் பரவுகிறது. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018-இல் மத்திய அரசு அறிவித்தும், அவை கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் நிலை முற்றாக மாறிவிடவில்லை.

எங்கே செல்வது?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ், மாவட்ட மருத்துவமனைகள் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் ‘சுரக்ஷா’ என்ற பால்வினை மற்றும் இனப்பெருக்க உறுப்பு நோய்ச் சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன. ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் சிகிச்சை தாமதமாகக் கூடாது என்பதற்காக அறிகுறி அடிப்படையில் மருந்துப் பெட்டிகள் வகுக்கப்பட்டுள்ளன. பெண்ணுறுப்புத் தொற்றுக்கான பச்சை நிறப் பெட்டியில் செக்னிடசோல், ஃபுளுகோனசோல் என்ற இரு மருந்துகள் உள்ளன. மேலே கூறிய மூன்று நோய்களையும் ஒருசேர எதிர்கொள்வதற்கான ஏற்பாடு இது, கட்டணம் கிடையாது. பெயரில் ‘எய்ட்ஸ்’ இருப்பதால் பலர் இம்மையங்களை நெருங்கத் தயங்குகின்றனர் என்பது வருந்தத்தக்கது. நேரில் செல்ல இயலாதோர் அரசின் ‘இ-சஞ்சீவனி’ தொலைமருத்துவச் சேவையில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

கணவருக்கும் சிகிச்சை தேவையா என்பதில் அண்மையில் ஒரு திருப்பம் ஏற்பட்டுள்ளது. டிரைக்கோமோனஸுக்கு அது கட்டாயம் என்பது முன்பே தெரிந்ததுதான். பாக்டீரியல் வஜினோசிஸுக்குத் தேவையில்லை என்றே பல ஆண்டுகளாகக் கருதப்பட்டது. 2025 மார்ச்சில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இருவருக்கும் மருந்து தரப்பட்ட இணைகளில் 35 சதவீதப் பெண்களுக்கும், பெண்ணுக்கு மட்டும் தரப்பட்ட இணைகளில் 63 சதவீதப் பெண்களுக்கும் 12 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. தன் உடலில்தான் ஏதோ குறை என்று ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவிப் பார்த்த பெண்கள் அறிய வேண்டிய முடிவு இது.

கர்ப்பிணிகள் எந்த அறிகுறியானாலும் காத்திருக்கக் கூடாது. பாக்டீரியல் வஜினோசிஸுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு; கடையில் எளிதாகக் கிடைக்கும் ஃபுளுகோனசோல் மாத்திரையும் அவர்களுக்கு உகந்தது அன்று. காய்ச்சல் அல்லது அடிவயிற்று வலியுடன் கூடிய கசிவு, இரத்தம் கலந்த கசிவு, உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தம் ஆகியவற்றுக்கு வீட்டில் எதையும் முயலாமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இரண்டாம் இடத்தில் உள்ள கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இவை இருக்கக்கூடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் எரிச்சல் தொற்றாகவே இல்லாமல், ஈஸ்ட்ரோஜன் குறைவால் ஏற்படும் வறட்சியாகவும் இருக்கலாம்.

பரிசோதனைக்குச் செல்வதற்கு முந்தைய இரண்டு நாட்களில் உறுப்பினுள் களிம்பு, தயிர், கழுவுநீர் என எதையும் செலுத்தாமல் இருப்பது நல்லது. பி.எச். தாளும் நுண்ணோக்கியும் காட்டும் முடிவை அவை மாற்றிவிடும். ஏற்கெனவே எதையேனும் பயன்படுத்தியிருந்தால், அது வேப்பிலை நீரானாலும், கடையில் வாங்கிய மாத்திரையானாலும், மருத்துவரிடம் மறைக்காமல் கூறி, மருந்தின் அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம்.